பிரேக்குக்குள் காற்று

"அசையாதே. ஒரே ஒரு குமிழி உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து" என்றான் அவன். கையில் ரப்பர் உறை, விரலிடுக்கில் சிரிஞ்ச், மூக்கு நுனியில் வியர்வை.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பேஷண்ட் முனகக்கூட இல்லையேடா."

பேஷண்ட், முன்சக்கரம் கழற்றப்பட்டு, கூடத்தில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்த சைக்கிள்தான். மாடி வீட்டுப் பெண்ணுடையது. பேக்கரியில் கேக் அலங்காரம் செய்பவள்.

காலையில் அவன் தன் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்கக் கிளம்புகிற நேரம்தான் அவளும் கிளம்புவாள். போன வாரம் வாசல் கேட்டருகே அவள் சைக்கிள் வந்து இடித்ததில் அவன் சாப்பாட்டுப் பை செடிக்குள் பறந்தது. இந்த வாரம் தேய்த்த பேன்ட்டில் டயர் தடம்.

"ஸாரிங்க. இது எண்ணெயில வேலை செய்யற பிரேக். முன்பக்கக் குழாய்ல காத்து புகுந்துடுச்சு போல. லீவர் பஞ்சு மாதிரி அமுங்குது" என்றாள். சைக்கிள் கடையில் ஒரு வாரம் ஆகும் என்றார்களாம்.

"கடை எதுக்கு? நான் இருக்கேனே!" என்று இவன் வாயை விட்டுவிட்டான். கண்ணாடி ஃபிரேமின் கடுகளவு ஸ்குரூவைத் தவிர வேறெதையும் திருகி அறியாதவன்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் தெருவை எட்டிப் பார்த்தான். கேட்டைத் தாண்டினால் செங்குத்தான இறக்கம். இறக்கம் முடியுமிடத்தில் பஸ் ஓடும் சாலை.

எண்ணெய், சிரிஞ்ச், குழாய் எல்லாம் வாங்கி வந்து, செய்முறை வீடியோவை மனப்பாடம் ஆகும்வரை பார்த்தாகிவிட்டது. லீவரைப் பிடிக்க அக்கா. சிரிஞ்சுக்கு அவன்.

"இப்ப இழுக்கறேன். காத்து குபுகுபுன்னு வரும் பாரு."

இழுத்தான். எண்ணெய் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. குமிழி என்ற பேச்சுக்கே இடமில்லை.

"எங்கேடா காத்து?"

"உள்ளே ஒளிஞ்சிருக்கு. விடமாட்டேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தான்.

மேலே லீவரில் பொருத்தியிருந்த கிண்ணத்தில் முதலில் எண்ணெய் ஊற்றியிருக்க வேண்டும். அதை மறந்துவிட்டான். வெறும் கிண்ணத்தின் வழியாகக் காற்று சர்ரென்று உள்ளே இறங்கியது. அடுத்த நொடி சிரிஞ்சில் நுரை நுரையாகக் குமிழிகள். அக்காவின் கையில் லீவர் சொத்தென்று கைப்பிடிவரை சாய்ந்தது.

"பார்த்தியா! இதைத்தான் அவங்க சொன்னாங்க! பஞ்சு!" என்று குதித்தான். குதித்ததில் எண்ணெய்ப் புட்டி கவிழ்ந்து அக்காவின் புது மிதியடி நனைந்தது.

"ஊருக்கே கண்ணாடி மாட்டறே. உன் கண்ணுக்குத்தான் ஒண்ணும் தெரியலை" என்றாள் அக்கா.

பிறகு நடந்ததுதான் உண்மையான வேலை. கிண்ணத்தை நிரப்பி, கீழிருந்து சிரிஞ்சால் மெல்ல மெல்ல எண்ணெயை மேலே தள்ளினான். ஸ்குரூடிரைவரின் பிடியால் குழாயை வழிநெடுகத் தட்டினான். அக்கா லீவரை அமுக்கி விட, குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் வந்து உடைந்தன. ஒன்று வரும், பிறகு வராது, முடிந்தது என்று மூடப் போகும்போது இன்னொன்று எட்டிப் பார்க்கும்.

அக்கா கை மாற்றிக் கை மாற்றி அமுக்கினாள். "எனக்கு ஒரு நாள் கறிகாய் நறுக்கிக் கொடுத்திருக்கியாடா இப்படி?"

கடைசிக் குமிழியும் போனது. லீவர் கல் மாதிரி நின்றது. சக்கரத்தின் பிரேக் டிஸ்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சக்கரத்தை மாட்டி, கேட்டுக்கு உள்ளேயே ஓட்டிப் பார்த்தான். பிரேக் பிடித்த வேகத்தில் ஹேண்டில் பாருக்கு மேல் பறக்கப் பார்த்தான். பாரில் இடித்து வலித்த தொடையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான்.

மறுநாள் காலையில் சைக்கிளை அவளிடம் கொடுத்தான். "முதல்ல மெதுவாப் போங்க. பின் பிரேக் மேலயும் ஒரு கை இருக்கட்டும்."

அவள் தலையாட்டிவிட்டு இறக்கத்தில் சரேலென்று இறங்கினாள். அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே ஒரு பஸ் கடந்து போனது. சாலைக்கு வெகு முன்னாலேயே அவள் நின்று, திரும்பிக் கையசைத்தாள். போன உயிர் அவனுக்குத் திரும்பி வந்தது.

அவள் மிதித்து மேலே ஏறி வந்தாள். கேட்டை நெருங்கினாள். நிற்கவில்லை. முன்சக்கரம் நேராக வந்து அவன் முழங்காலில் மெத்தென்று இடித்தது.

அவன் முகம் வெளுத்தது. "ஐயையோ! மறுபடி காத்து ஏறிடுச்சு! நல்லவேளை, கீழே போறப்போ ஆகலை. உங்களைக் கொன்னுருப்பேங்க நான். இறங்குங்க, இனிமே இதைத் தொடாதீங்க!"

அவள் இறங்கினாள். சிரிக்கத் தொடங்கியவள், அவன் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"பிரேக் பிடிக்கலையா?" என்றான் அவன்.

அவள் முகம் சிவந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அது எப்பவுமே நல்லாத்தாங்க பிடிச்சுது. நான்தான் பிடிக்கலை."