கடாவுக்கு எடுத்த படம்

கல்லுக்கிடங்குப் பள்ளத்தில் விழுந்து நொண்டிய ஆட்டுக்கடாவைத் தோளில் சுமந்துகொண்டு, கல்லுடைக்கும் சீவரத்தினம் மிருக வைத்தியரிடம் ஓடினான். அவர் தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரியொன்றில் எக்ஸ்ரே எடுக்க ஒழுங்கு செய்தார்.

"இஞ்சை மனிசரைத்தான் படம் எடுக்கிறது. உவருக்கு என்ன பேர் எழுத?" என்று எக்ஸ்ரேக்காரர் சிரித்தார்.

"ராசன்" என்றான் சீவரத்தினம். அவன் சிரிக்கவில்லை.

வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முறிவில்லை. சுளுக்குத்தான்."

"வடிவாய்ப் பாருங்கோ ஐயா. ஒரு சின்ன வெடிப்பும் இல்லையோ?"

"இல்லையடாப்பா. நாளைக்கே துள்ளித் திரிவான்."

சீவரத்தினம் நிலத்தில் குந்தியிருந்து விம்மினான்.

"உதுக்கேன் அழுறாய்?"

"மகள் காய்ச்சலிலை கிடக்கேக்கை இவனை வைரவருக்கு நேர்ந்திட்டன் ஐயா. நாளையிண்டைக்கு வேள்வி. கால் முறிஞ்ச கடாவெண்டால் கோயிலிலை வெட்டமாட்டினம். சுகப்பட்ட பிள்ளை இப்ப இவனைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு விடமாட்டன் எண்டு கிடக்கிறாள்."

வைத்தியர் பேனாவை எடுத்தார். "முறிஞ்சதெண்டு துண்டு எழுதித் தரட்டோ?"

சீவரத்தினம் கடாவை மறுபடி தோளில் தூக்கினான்.

"துண்டைப் பூசாரியார் நம்புவார் ஐயா. நான் நேர்ந்தது வைரவருக்கெல்லோ."