முத்திரை விழாத ஃபைல்

"ஃபைல் பிறந்தப்பவே முத்திரை விழலையே மேடம்! நான் என்ன செய்ய?" என்றான் அந்தோணி பிரபு.

ஞானமணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காரைக்குடிக் களிமண் ஆய்வு நிலையத்தில் பதினாறு வருஷமாக அவள் டைரக்டரின் உதவியாளர். டைப்ரைட்டர் காலத்தில் எந்தத் தாளும் அவளிடம் இப்படி முரண்டு பிடித்ததில்லை. இந்த வருஷம் கம்ப்யூட்டர் வந்தது, பின்னாலேயே அதன் ஃபைல்களுக்குக் காவலாகப் பிரபு வந்தான், களிமண்ணுக்கும் ரகசியம் வந்துவிட்டது.

"தம்பி, டைரக்டர் தன் கையாலேயே அடிச்சு வச்ச கடிதம். விஷயத்தை என்கிட்டச் சொல்லிட்டு அவரு ஜெர்மனிக்குப் பிளேன் ஏறிட்டாரு. அஞ்சு மணிக்குள்ள ஈமெயில்ல டெல்லிக்குப் போகணும். திறந்து விடுப்பா."

"கம்ப்யூட்டர்ல பொதுப் பகுதியில உருவாக்கியிருந்தா 'பொது'ன்னோ 'ரகசியம்'னோ முத்திரை தானா விழுந்திருக்கும். அவரு சொந்தப் பகுதியில உருவாக்கியிருக்காரு. அங்க என் புரோகிராம் எட்டாது. முத்திரை இல்லாததை யாரும் திறக்கக் கூடாது."

"ஒன்னாலயும் முடியாதா?"

"முடியும். ஆனா செய்ய மாட்டேன்."

"இது போகலேன்னா இங்க ஒருத்தரு வேலை போயிரும். யாருன்னு கேளு. அந்தக் கடிதத்துல..."

பிரபு காதைப் பொத்திக்கொண்டான். "உள்ள இருக்கறதைச் சொல்லாதீக! முத்திரை விழற வரைக்கும் அது மிக ரகசியம். போன வாரம் சோணைமுத்து சாரு இப்படித்தான் வாயை விட்டாரு. மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மெமோ வாங்கினாரு."

ஞானமணி கப்பென்று வாயை மூடிக்கொண்டாள். மெமோவுக்குப் பயப்படாத ஊழியர் உண்டா என்ன?

"சரி, நான் என்ன செய்யணும்?"

"ஏழாம் நம்பர் படிவம். மூணு பிரதி. என்ன முத்திரைன்னு துணை டைரக்டர் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

துணை டைரக்டர் குமரப்பன் அரியக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். ஞானமணி ஆட்டோ பிடித்துப் போனாள். அவர் பலகாரத்தை முடித்து, கை கழுவி, மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். "காப்பி குடிக்காமப் போறீகளே" என்று உபசாரம் வேறு. இந்த அவசரத்தில் காப்பியா இறங்கும்?

திரும்பியபோது மணி நாலு இருபத்தைந்து. பிரபு ஒவ்வொரு பிரதியாக நிதானமாகப் பார்த்தான்.

"மூணாவதுல தேதி இல்லையே மேடம்."

"நீயே போட்டுக்க!"

"கையெழுத்துப் போட்டவருதான் போடணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்! பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆட்டோ, மறுபடி அரியக்குடி.

அவள் மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது ஐந்து பத்து. பிரபு பதிவேட்டில் எழுதி, முத்திரையைப் போட்டு, கடிதத்தை அனுப்பினான். பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. 'கெடு ஐந்து மணியோடு முடிந்தது. ஆட்குறைப்பு உத்தரவு அமலாகிறது.' டெல்லியிலும் ஒரு பிரபு இருந்திருப்பான் போல.

"பாவம், யாரு வேலையோ!" என்றான் பிரபு. "நான் விதிப்படிதான் செஞ்சேன். என் மனசு சுத்தம்."

ஞானமணிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"படிவத்துல குமரப்பன் சாரு என்ன முத்திரை எழுதியிருக்காரு தம்பி?"

"'பொது'. இனிமே யாரு வேணும்னாலும் படிக்கலாம்."

"அப்ப நீயே படி."

பிரபு திரையைப் பார்த்துச் சத்தமாகவே படித்தான்:

"நீக்கப்பட வேண்டியவராகத் தாங்கள் குறித்துள்ள தற்காலிகப் பணியாளர் அந்தோணி பிரபு, விதி தவறாத இளைஞர், அவரை நீக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்."