பாதிக் கூடு

"இன்னா உபதேசியாரே, வீட்டைக் காட்றேன்னு கூட்டியாந்துட்டு சுவத்தைக் காட்றீங்க?"

சாந்தோமிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து, அண்ணன் மகள் அல்போன்சாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அடையாற்று மணலில் கால் புதையப் புதைய நடந்த எரிச்சல் மர்சலினுக்கு. எதிரே நின்றது ஜன்னல் மட்டத்துக்கு எழும்பிய நாலு சுவர். கூரை இல்லை, கதவு இல்லை.

"மாப்பிள்ளை வேணும்னேதான் பாதியில நிறுத்தி வெச்சிருக்காரு. பொண்ணு பார்த்துட்டு சொன்னா மீதியைக் கட்டலாம்னு" என்றார் உபதேசியார் ஸ்தனிஸ்லாஸ். கோயில் வேலை போக, வரன் பார்த்துக் கொடுப்பதும் அவர்தான்.

"சிமெண்ட்டு கெடைக்கலன்னு சொல்லுங்களேன். எதுக்கு சுத்தி வளைக்கிறீங்க?"

மாப்பிள்ளை விக்டருக்கு ரயில்வேயில் வேலை. அசடு வழியச் சிரித்துவிட்டு, அல்போன்சாவுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டக் கிளம்பினான்.

மர்சலின் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டாள். கிணற்றோரப் பனைமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள். பாதி முடைந்த கூடு ஒன்றில், மஞ்சள் தலை ஆண் குருவி தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துக் கத்திக்கொண்டிருந்தது. பெண் குருவி ஒன்று வந்து நாரை இழுத்து இழுத்துப் பார்த்தது. பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துவிட்டது.

"பார்த்தீங்களா? ஆண் பாதிதான் கட்டும். பொட்டை வந்து பார்த்துப் பிடிச்சாதான் மீதி. பிடிக்கலேன்னா பட்ட பாடெல்லாம் வீண்" என்றார் உபதேசியார்.

"பிடிச்சா, கடைசி வரைக்கும் கூடவே இருக்குமா?"

அவர் தொண்டையைச் செருமினார். "முட்டை வெச்சதும்... பக்கத்துல இன்னொரு கூடு கட்டி, வேற பொட்டையைக் கூப்பிடும்."

"நல்லா கீது! இதைப் போய் பிரசங்கத்துல சொல்லி வெக்காதீங்க."

மர்சலினுக்குக் கோபமெல்லாம் அந்தப் பெண் குருவிமேல்தான். அதே மாதிரி ஒன்றை அவளே அல்லவா வளர்த்து வைத்திருக்கிறாள்! ஊர் உலகத்தில் மாப்பிள்ளை வந்து பெண் பார்ப்பான். இங்கே பெண் போய் வீடு பார்க்கிறாள். மயிலாப்பூர் வரன் வேண்டாமாம், வீடு மாடியில் இருக்கிறதாம். பரங்கிமலை வரன் வேண்டாமாம், கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருக்கிறதாம். தேனாம்பேட்டைப் பையன் தங்கமான பையன், அவனும் வேண்டாமாம். கோயில் ரொம்பத் தூரமாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே மர்சலின் அடித்து எழுப்ப வேண்டியவள், கோயில் தூரத்தைப் பற்றிப் பேசுகிறாள்!

டீச்சர் உத்தியோகம் பார்க்கிற திமிர். வேறென்ன?

அம்மா அப்பா இல்லாத அண்ணன் மகளைக் கையில் வாங்கிய நாளிலிருந்து மர்சலினுக்கு இருந்தது ஒரே கவலை. இவளை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால், கன்னியர் மடத்தில் ஒரு மூலையில் போய் விழுந்து கிடக்கலாம். மதரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். இந்தக் கழுதை கரையேறினால்தானே!

சுற்றிப் பார்த்துவிட்டு அல்போன்சா வாசலுக்கு வந்தாள்.

"இங்க படி வருமா?" என்று விக்டரைக் கேட்டாள்.

"ஆத்துத் தண்ணி உள்ள வந்துடக் கூடாதில்ல? அதான் உசரமா நாலஞ்சு படி வைக்கலாம்னு..."

அல்போன்சாவின் முகம் சுருங்கியது. மர்சலினுக்கு அந்த முகம் அத்துப்படி. அடுத்தது 'வேண்டாம்'தான்.

"ஏன், மகாராணிக்குப் படியும் ஆகலியா?" என்று வெடித்தாள். "தம்பி விக்டர், நீ சொம்மா மெனக்கெடாதே. இவளுக்கு அரமனையே கட்டினாலும் அதுலயும் ஒரு நொட்டை சொல்லுவா. இவ எவனுக்கும் வாக்கப்படப் போறதில்ல. எனக்கும் சாவு வரைக்கும் நிம்மதியில்ல!"

அல்போன்சா அத்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தயங்கித் தயங்கி விக்டரிடம் கேட்டாள்:

"படி இல்லாம சரிவா கட்ட முடியுமா? கைப்பிடி வெச்சு. அந்தப் பின்பக்க ரூம்லேருந்து பாத்ரூமுக்கு ஒரு கதவும் வேணும்."

"கட்டிடலாம். கோயில்கூட இதோ, ரெண்டு வீடு தாண்டினா வந்துடும்" என்றான் விக்டர். "ஆனா, சரிவு யாருக்கு?"

"எங்க அத்தைக்கு. மடத்துக்குப் போறதுக்காக, எனக்குத் தெரியாம கட்டிலுக்கு அடியில பெட்டி கட்டி வெச்சிருக்காங்க. அந்தப் பெட்டியை இறக்கி வைக்க ஒரு ரூம் குடுங்க, போதும். மீதி வீட்டை உங்க இஷ்டம்போல கட்டிக்குங்க."