முந்நூறு பேருக்குச் சப்பாத்தி

"உங்க அத்தைக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாம்மா?"

கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த வினிதாவிடம் எதிர்வீட்டு சரோஜம்மாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"எல்லையில சண்டை நடக்குது. பட்டாளத்துல பிள்ளை இருக்கிற வீடெல்லாம் டி.வி. நியூஸ் முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்குது. இந்தம்மா சீரியலை வெச்சுச் சிரிச்சுக்கிட்டிருக்குது. கேட்டா, 'எம்மவன் மெஸ்ஸுல சப்பாத்தி சுடுறான், அவனுக்கென்ன'ங்குது."

"அவரு புனேயில சமையல்லதான் இருக்காருங்கம்மா," என்றாள் வினிதா. பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டாள்.

சொன்னது பொய்.

மூன்று வாரத்துக்கு முன் லீவு ரத்தாகிக் கிளம்பியபோது, ஓசூர் ஸ்டேஷனில் வைத்துக் கணவன் கமலக்கண்ணன் அவளிடம் சொல்லியிருந்தான்.

"எல்லைக்குத்தான் போறேன் வினி. அம்மாவுக்குத் தெரிய வேணாம், பிரஷர் இருக்குது. புனேயில சமையல் வேலைன்னு சொல்லு. தினமும் ஏதாவது சொல்லிக்கிட்டே இரு. அழுத முகத்தோட மட்டும் அவங்க முன்னாடி போய் நிக்காத."

போன பிறகு இரண்டே தடவை போனில் பேசினான். அப்புறம் அதுவும் இல்லை.

வினிதா விடவில்லை. தினமும் ஷிப்ட் முடிந்து தேன்கனிக்கோட்டை திரும்பும் பஸ்ஸில் அன்றைய பொய்யைத் தயார் செய்வாள். இறங்குவதற்கு முன் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொள்வாள்.

"டீ டைம்ல பேசினாரு அத்தை. இன்னைக்கு முந்நூறு பேருக்குச் சப்பாத்தியாம். கையே கழண்டு போச்சாம்."

மாமியார் வீரலட்சுமி விழுந்து விழுந்து சிரிப்பாள். "வீட்டுல ஒரு டம்ளரைக் கழுவி வெக்கமாட்டான். நல்லா வேணும். தொட்டுக்க என்னவாம்?"

அதற்கும் ஒரு குருமாவை வினிதா கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

சில நாள் அந்தச் சிரிப்பைக் கேட்டால் எரிச்சலாகவே வரும். பெற்ற மனசு ஒரு நாளாவது பதற வேண்டாமா? சரோஜம்மாள் கேட்டதில் என்ன தப்பு?

அன்று பதினோரு மணிக்கு, கம்பெனியில் வேலையாக நின்றிருந்தவளை சூப்பர்வைசர் கூப்பிட்டார். ஆபீஸ் அறையில் ராணுவ உடுப்பில் இரண்டு பேர். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். அவர்கள் எழுந்த விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஜீப்பில் வரும்போது அவர்களில் ஒருவரான சுபேதார் தமிழிலேயே சொன்னார்.

"குண்டு விழுந்து போஸ்டோட போன் லைன் அறுந்துபோச்சும்மா. உங்க வீட்டுக்காரர்தான் ஊர்ந்து போய்ச் சேர்த்தார். சேர்த்து முடிச்ச பிறகுதான் அடுத்த குண்டு விழுந்தது. அந்த லைன்லதான் கீழே தகவல் சொன்னோம். ஒன்பது பேர் உயிரோட இறங்கி வந்தோம். அதுல நானும் ஒருத்தன்."

வினிதா தலையாட்டினாள். அத்தையிடம் என்னவென்று சொல்வது? புனேயில் சப்பாத்தி சுட்டவன் மேல் குண்டு எப்படி விழுந்தது என்று கேட்டால்?

வாசலில் வீரலட்சுமி நின்றிருந்தாள். ஜீப்பைப் பார்த்தாள். உடுப்பைப் பார்த்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மலை போஸ்ட்லதாங்களா?" என்று சுபேதாரைக் கேட்டாள்.

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ஆமாம்மா," என்றார்.

வினிதா அவள் பக்கம் திரும்பினாள். "அத்தை... உங்களுக்குத் தெரியுமா?"

வீரலட்சுமி மருமகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். மூன்று வாரமாக இரண்டு பேரும் அடக்கி வைத்திருந்தது ஒன்றாகவே உடைந்தது. எதிர்வீட்டு வாசலில் சரோஜம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வீரலட்சுமி முந்தானையால் மருமகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"என்கிட்டதான் முதல்ல சொன்னான், கண்ணு. 'நான் எல்லைக்குப் போறது தெரிஞ்சா வினிதா அழுதே கரைஞ்சுடுவாம்மா. அதனால உன்னை ஏமாத்துற வேலையை அவகிட்ட குடுத்துட்டுப் போறேன், அந்த வேலையில அவ தைரியமா இருப்பா. நீ மட்டும் ஏமாந்த மாதிரியே இரு'ன்னான்."