வெறும் குப்பி

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் காலை ரயில் கிளம்ப இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

சுந்தரராஜ் பிளாட்பாரத்தில், மகள் டீனா உட்கார்ந்திருந்த ஜன்னலருகே விறைப்பாக நின்றார். பக்கத்து பெஞ்சில் உட்காரச் சொல்லி அவள் இரண்டு முறை கெஞ்சிவிட்டாள். முப்பது வருஷம் சுரங்க ஷாஃப்ட் வாசலில் நின்ற கால்கள் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை திருச்சபையில் டீனாவுக்குப் பொன்னாடை. பேனர்கூட அச்சாகிவிட்டது.

பெங்களூர் ஆய்வகத்தில், குப்பியில் ஊற்றிய பெட்ரோல் மாதிரியான ஒரு திரவத்தில் கதிர்வீச்சைப் பாய்ச்சுகிறார்கள். அப்போது ஏதோ ஒன்று பிறந்து, விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அழிந்துபோகிறது. எந்த வெளிச்சத்தை அது விழுங்குகிறது என்பதை வைத்துத்தான் அதை அடையாளம் காண வேண்டும். அப்படி ஒன்றை டீனா கண்டுபிடித்ததாக ஆய்விதழில் வந்திருந்தது.

அது தப்பு என்று பேராசிரியரிடம் சொல்லத்தான் இன்றைக்குப் போகிறாள்.

விஷயம் தெரியாத தோழி ஷோபா, எதிர் சீட்டிலிருந்து, பேனராவது ரெண்டு நாள் தாங்குமா அங்கிள் என்று கிண்டலடித்தாள்.

சுந்தரராஜ் சிரிக்கவில்லை. மூன்று தலைமுறையாகச் சுரங்கத்தில் கெட்டுப்போகாத பேர் அவர்களுடையது.

"இமைக்கறதுக்குள்ள செத்துப்போறதுக்கு யாரு சாட்சி? நீ வாயத் தொறக்கலன்னா யாருக்குத் தெரியும்?" என்றார் தணிந்த குரலில்.

டீனா கோபப்படவில்லை. போன வாரம் திரவமே ஊற்றாமல், வெறும் குப்பியில் கதிர்வீச்சைப் பாய்ச்சிப் பார்த்ததாகச் சொன்னாள். அதுவும் அதே வெளிச்சத்தை விழுங்கியதாம்.

குப்பி எதில் செய்தது என்று கேட்டார்.

குவார்ட்ஸ் என்றாள்.

அந்த வெள்ளைக் கல்லை அவருக்குத் தெரியும். பூமிக்கடியில் தங்கம் அதற்குள்தான் ஒளிந்திருந்தது. இல்லாத இடத்திலும் இருப்பதாகக் காட்டி, அவரையே எத்தனையோ முறை ஏமாற்றியிருக்கிறது.

திட்டத்தான் வாயைத் திறந்தார். வேறொன்று வந்தது.

"குப்பியோடதக் கழிச்சிட்டா மிச்சம் இன்னாதான் இருக்கு?"

டீனாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அது என்னவென்று இன்னும் தெரியவில்லை என்றாள். தேதிவாரியாக எல்லாம் நோட்டில் இருக்கிறது, அதைக் காட்டினால்தான் சார் மேற்கொண்டு தேட விடுவார் என்று மடியிலிருந்த பையைத் தட்டினாள்.

ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது.

சுந்தரராஜ் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சட்டைக்குள், பெல்ட்டில் செருகியிருந்த அவளுடைய நீல அட்டை நோட்டை உருவி, ஜன்னல் கம்பிகளுக்கிடையே நீட்டினார்.

அட்டை வியர்வையில் நனைந்திருந்தது.