நாற்பதாவது கைநாட்டு

முப்பத்தொன்பது தாள் சேர்ந்துவிட்டது. நாற்பதாவது ஆள் அஞ்சம்மாள். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஜல்தி வைம்மா. நாலு மணிக்கு விழுப்புரத்துலருந்து ஜீப்பு வந்துடும்."

"என்னா எழுதியிருக்குதுன்னு படி தம்பி. அப்பறம் வெக்கறேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிரம்மதேசம் போகிற சாலையில், புளியமரத்தடியில், வாரம் ஒரு நாள் தேமல்காரர்களுக்கு மாத்திரை கொடுப்பது என் உத்தியோகம். பெருவியாதி, குஷ்டம் என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அறுபத்துமூன்றாம் வருடம் அது. பட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு புது மாத்திரையைச் சோதிக்கப் போவதாக எங்கள் விழுப்புரத்து ராஜாமணி டாக்டர் சொன்னார். பழையதை மூன்று வருடம் தின்றும் கேட்காத உடம்புக்கு இது கேட்கலாமாம்.

ஆனால் அங்கே ஒரு குழு இருந்தது. ஒவ்வொருவருக்கும் முழுவதும் படித்துக் காட்டி, சம்மதக் கைநாட்டு வாங்கி அனுப்பினால்தான் அனுமதி என்றது. இன்றைக்குள் நாற்பது தாள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் சோதனை வானூர்ப் பக்கம் போய்விடும்.

எனக்கு அந்த நாற்பது வேண்டும். எப்படியாவது வேண்டும்.

அதனால் நான் யாருக்கும் படிக்கவில்லை. "புது மாத்திரை வருது, இங்க வை" என்றேன். வைத்தார்கள். மரத்துப்போன விரல்கள், நான்தான் பிடித்து அழுத்தினேன். மை பட்டதே தெரியாமல் சிலர் கையை நீட்டியபடியே நின்றார்கள். நானே துடைத்து அனுப்பினேன். எல்லோரும் வாராந்திர மாத்திரைக்காக நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அஞ்சம்மாள் மட்டும் அசையவில்லை.

அவள் கதை ஊருக்கே தெரியும். புருஷனின் கருமாதி அன்று, பட்டாவை உன் பேருக்கு மாற்றுகிறேன் என்று கொழுந்தன் வெற்றுத்தாளில் அவள் கைநாட்டை வாங்கினான். இரண்டு காணி மல்லாட்டைக் கொல்லை, நல்ல வேர்க்கடலை விளையும் நிலம், அவன் பேருக்குப் போயிற்று. இப்போது அதே கொல்லையில் அவள் கூலிக்கு மல்லாட்டை பறிக்கிறாள்.

சரி, தொலையட்டும் என்று தாளை எடுத்துப் படித்தேன். கோபத்தில் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது.

"இது சோதனையில் இருக்கும் மருந்து. இதனால் நன்மையும் நேரலாம், தீமையும் நேரலாம். வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு."

நிழலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தீம வந்தா யாரு பாக்கறது?"

"டாக்டரு பாப்பாரு. கீழ எழுதியிருக்குது."

"வேணாம்னு சொன்னா இப்ப குடுக்கறத நிறுத்திடுவீங்களா?"

"நிறுத்த மாட்டோம்."

அஞ்சம்மாள் கட்டைவிரலைப் புடவையில் துடைத்து, மைப்பெட்டியில் தோய்த்து, தாளில் தானே அழுத்தினாள். அன்றைக்கு நான் பிடித்து வைக்காத விரல் அது ஒன்றுதான்.

அப்பாடா, நாற்பது!

மூச்சு விடுவதற்குள் முருகையன் எழுந்து வந்தான்.

"என் ரேகையக் குடுத்துடுங்க சார். வூட்ல கேட்டுக்கினு வர்றேன்."

"யோவ், நிலமா எழுதி வாங்கறேன்? மாத்திரய்யா!"

"மாத்திர குடுங்க, இப்பவே முழுங்கறேன். ரேக மட்டும் வேணாங்க."

அவனுக்குப் பின்னால் சுப்பராயலு. அவனுக்குப் பின்னால் வரிசை. எந்த விஷத்தைக் கொடுத்தாலும் விழுங்கத் தயாராக இருந்தவர்கள், ஒரு கட்டைவிரல் மைக்காக என் முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

திட்டினேன். கெஞ்சினேன். அஞ்சம்மாளைக் காட்டி, அவளே வைத்துவிட்டாளே என்றேன். ஒருவரும் அசையவில்லை.

பெயரைப் படித்துப் படித்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். சிலர் மடியில் செருகிக்கொண்டார்கள். தாண்டவராயன் தன் தாளை அங்கேயே மென்று விழுங்கிவிட்டான். முப்பத்தெட்டுப் பேர்.

என் கையில் இரண்டு தாள் மிஞ்சியது. ஒன்று அஞ்சம்மாளுடையது. மற்றதைக் கேட்டு யாரும் வரவில்லை.

ஜீப் வந்தது. ராஜாமணி டாக்டர் இறங்காமலே கையை நீட்டினார்.

"எத்தனைய்யா?"

இரண்டாவது தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"ஒன்னு சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் உத்தியோகம் போய்விட்டது தெரிந்தது. அதற்காக நான் வருந்தவில்லை.

பையில் இருந்த தாளில் பெயர் பொன்னி. புருஷன் பெயர் போடும் இடத்தில் தகப்பன் பெயர் போட்டிருந்தேன். விழுப்புரத்தில் அவளை டாக்டரிடம் காட்டியபோதும் ஊர்க்காரப் பெண் என்றுதான் சொன்னேன். மூன்று வருடமாகப் பழைய மாத்திரை. தேமல் முதுகிலிருந்து கன்னத்துக்கு ஏறிவிட்டது. ஆறு மாதமாக வாசலுக்குக்கூட வருவதில்லை, என் மனைவி.

காலையில் அடுப்பை ஊதிக்கொண்டே, என்ன ஏது என்று கேட்காமல், விரலை நீட்டினாள்.

நேரமில்லாததால் அல்ல, நான் அவளுக்குப் படித்துக் காட்டாமல் விட்டது. படித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். பத்து வருடம் அவளோடு வாழ்ந்தவனுக்கு அது தெரியாதா?