தப்புக்கு ஒரு தட்டல்

பல்கலைக்கழக அறிவியல் நுழைவுத் தேர்வுக்கு அக்காவும் தங்கையும் உணவு மேசையில் எதிரெதிரே அமர்ந்து படித்துவந்தார்கள். தங்கை தவறான விடையைக் குறித்தால் அக்கா விரல் முட்டியால் மேசையை ஒருமுறை தட்டுவாள். தெரிந்தே தப்பாகக் குறித்து விளையாடினால் இரண்டு தட்டல்.

போன மழைக்காலத்தில் அக்கா காய்ச்சலில் இறந்துபோனாள். தங்கை மறுபடி மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்த முதல் காலையிலேயே தட்டல் கேட்டது.

"என்னம்மா, தப்பா?" என்றார் அப்பா, பாத்திரம் துலக்கியபடியே.

"ஆமாப்பா. மைனஸை முழுங்கிட்டேன்."

"பார்த்துப் போடும்மா. அவளும்தான் எவ்வளவு நேரம் தட்டிக்கிட்டே இருப்பா?"

தேர்வுக் கூடத்தில் தட்டலே கேட்கவில்லை. விடைகள் எல்லாம் சரியாக இருந்திருக்கலாம். அல்லது அக்காவால் வீட்டை விட்டு வர முடியாமல் இருந்திருக்கலாம். தேறினால் தங்கை வெளியூர் விடுதிக்குப் போகவேண்டும். அக்கா கூட வருவாளா என்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்தாகவேண்டும்.

கடைசிக் கேள்வி எளிது, விடை 'ஆ'. அவள் பேனாவை 'இ' வட்டத்தை நோக்கி நகர்த்தினாள். மையால் நிரப்பிவிட்டால் அழிக்க முடியாது. ஒற்றை மதிப்பெண்ணில் இடத்தைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

பேனா முனை தாளைத் தொடுவதற்குள் கண்காணிப்பாளர் நிமிர்ந்தார்.

"யாரும்மா அது, ரெண்டு தடவை மேசையைத் தட்டுறது?"

தங்கை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'ஆ' வட்டத்தை நிரப்பினாள். மேசை மேல் பேனாவின் மூடி இன்னும் உருண்டுகொண்டிருந்தது.